ஓராண்டு வாசிப்பு: எதை எடுப்பது, எதை விடுவது?



இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் நெடுங்காலம் ஓதிய மாணவர் ஒருவர் ஒரு நாள் தம் நிலையை எண்ணிப் பார்த்தார். பல கலைகளைக் கற்றாயிற்று. இளமையின் நல்ல பகுதியும் அதிலேயே கழிந்தாயிற்று. இவற்றுள் நாளை கப்றில் தமக்குத் துணையாக வரப்போவது எது, பயன் தராது போவது எது, எதை இப்போதே விட்டுவிட வேண்டும் என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. ஆசிரியருக்கு மடல் எழுதினார். இஹ்யா உலூமித்தீன் முதலான நூல்களில் இதற்கு விடை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எனினும், வாழ்நாள் முழுவதும் கையோடு வைத்துக்கொள்ளத்தக்க சில தாள்களில் அவ்விடையை எழுதித் தாருங்கள் என்று வேண்டினார். அந்த வேண்டுகோளுக்கு மறுமொழியாகப் பிறந்ததுதான் 'ஐயுஹல் வலத்' என்னும் சிறிய கிதாப்.

இஹ்யாவில் நான்கு பெரும் பகுதிகள், பகுதிக்குப் பத்தாக நாற்பது நூல்கள் உள்ளன. அதை எழுதிய பேரறிஞரே, ஹிஜ்ரி 505இல் மறைந்த அந்த இமாம், ஒரு மாணவருக்காகச் சில தாள்களில் எழுதினார். மாணவர் என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். இன்னும் எத்தனை நூல்கள் படிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்றே கேட்டார். வரும் ஆண்டில் எந்தெந்த நூல்களை வாசிப்பது என்று திட்டமிட அமரும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

நம்மில் வாசிப்பில் ஆர்வமுள்ள இளைஞர்கள் ஆண்டின் தொடக்கத்தில் பட்டியல் எழுதுவதுண்டு. நண்பன் சொன்ன நூல், ஜும்ஆ பயானில் பெயர் கேட்ட நூல், புத்தகக் கண்காட்சியில் அட்டையைப் பார்த்து ஆசைப்பட்ட நூல் என்று ஐம்பது பெயர்கள் சேர்ந்துவிடும். இரண்டாம் மாதம் முடிவதற்குள் அந்தத் தாள் எங்கே போனது என்பது எழுதியவருக்கே தெரியாது. ஐம்பது நூல்களின் பட்டியல் என்பது, எதையும் வாசிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். எதையும் விட மனமில்லாதவனால் எதையும் முடிக்க இயலாது.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் வீடுகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் படிக்கிறது. பின்பு சாதாரண தரத்துக்காகப் படிக்கிறது. பின்பு உயர் தரத்துக்காகப் படிக்கிறது. பரீட்சை முடிந்த அன்றே புத்தகம் கட்டிவைக்கப்படுகிறது. பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாதங்களில் கைத்தொலைபேசிதான் துணை. புத்தகம் என்றால் புள்ளி பெறுவதற்கான கருவி என்ற எண்ணம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்ட பிள்ளை, பிற்காலத்தில் குடும்பத்திலோ தொழிலிலோ மார்க்கத்திலோ ஒரு சிக்கல் வரும்போது நூலைத் தேடிப் போவதில்லை. வட்ஸ்அப்பில் முதலில் வந்து விழும் குரல் எதுவோ அதையே நம்பிவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் வந்த வாரங்களில், அரபு எழுத்துள்ள எதைக் கண்டாலும் சந்தேகம் எழுமோ என்ற அச்சத்தினால் நம்மவர் வீடுகள் பலவற்றிலிருந்து நூல்கள் அகற்றப்பட்டன. சிலர் எரித்தனர், சிலர் புதைத்தனர். வாப்பாவின் வாப்பா சேர்த்து வைத்த கிதாபுகளும் அவற்றோடு போயின. அன்று ஐந்து வயதாயிருந்த பிள்ளை இன்று பத்து வயதைக் கடந்துவிட்டது. வீட்டில் ஒரு புத்தக அலுமாரி இருந்தது என்பதே அப்பிள்ளையின் நினைவில் இருக்காது. அச்சம் தணிந்த பிறகும் அத்தட்டுகளை மீண்டும் நிரப்பாத வீடுகள் அனேகம். நாம் திட்டமிடப் போகும் ஓராண்டு வாசிப்பு, அந்த வெறுமையான தட்டில் வைக்கும் முதல் சில நூல்களைப் பற்றியதுமாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் இருபது நிமிடமே ஆகும். ஓராண்டில் இது மூவாயிரத்து ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும். முந்நூறு பக்க நூல்கள் ஏறத்தாழ பன்னிரண்டு. ஆனால் பன்னிரண்டைத் திட்டமிட வேண்டாம். ஆறு அல்லது ஏழு போதும். காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும், தவணைப் பரீட்சை வரும், றமழான் வரும். இவற்றுக்கு இடம் விடாத திட்டம் முதல் இடறலிலேயே விழுந்துவிடும். சிறிதாயினும் விடாது தொடரும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக வந்துள்ள நபிமொழி புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதை நாம் தொழுகையைப் பற்றிப் பேசும்போது நினைவூட்டுகிறோம்; வாசிப்புக்கும் அது பொருந்தும்.

ஆண்டை எந்த நாளில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முஹர்ரம் முதல் நாளாகட்டும், ஜனவரி முதல் நாளாகட்டும், அல்லது சாதாரணதொரு செவ்வாய்க்கிழமையாகட்டும். வாசிப்புக்கென்று மார்க்கம் தனி நாள் எதையும் குறிக்கவில்லை.

முதல் இடம் அல்குர்ஆனுக்கு. நம் பிள்ளைகள் மக்தபில் ஓதக் கற்றுக்கொள்கின்றனர், கத்மும் செய்கின்றனர். ஆனால் முதலிலிருந்து முடிவுவரை அதன் பொருளை ஒரு முறையேனும் வாசித்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? பரவலாக அச்சிடப்படும் மதீனா முஸ்ஹபில் 604 பக்கங்கள் உள்ளன. நாளொன்றுக்கு அதன் இரண்டு பக்கங்களுக்குரிய தமிழ் மொழிபெயர்ப்பை வாசித்தால் 302 நாட்களில் முடிந்துவிடும். ஹிஜ்ரி ஆண்டில் 354 அல்லது 355 நாட்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்கள் மிச்சமாயிருக்கின்றன. ஸுபஹுத் தொழுகைக்குப் பின் தேநீர் வருவதற்கு முன்னுள்ள நேரம் இதற்குப் போதுமானது. புரியாத இடத்தில் நின்றுவிடாதீர்கள்; ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். கோடிட்ட இடங்களை மாதம் ஒரு முறை உங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். கேள்வியோடு வரும் இளைஞனைக் கண்டு மகிழாத ஆலிம் இல்லை என்று என் தோழமை உலமாக்கள் சார்பில் துணிந்து சொல்வேன்.

ஹதீஸில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'அர்பஈன்' ஒன்றே ஓராண்டுக்குப் போதும். நாற்பது என்று பெயர் பெற்றிருந்தாலும் அதில் 42 ஹதீஸ்கள் உள்ளன. வாரத்துக்கு ஒன்று. வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். ஹிஜ்ரி ஆண்டில் ஐம்பது வாரங்கள். ஆகவே எட்டு வாரங்கள் மீதமாகும். றமழானும் பெருநாட்களும் அதற்குள் அடங்கிவிடும். சுமார் 1900 ஹதீஸ்களைக் கொண்ட 'ரியாளுஸ் ஸாலிஹீனை' முதல் ஆண்டிலேயே எடுக்கத் துடிப்பவர்கள் உண்டு. அது அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அதே இமாமின் நூல்தான். அது எங்கும் ஓடிவிடாது.

ஸீறாவுக்கு, ஸபியுர் ரஹ்மான் முபாரக்பூரி அவர்களின் 'அர்ரஹீக்குல் மக்தூம்'. 1970களில் ராபிததுல் ஆலமில் இஸ்லாமி நடத்திய உலகளாவிய போட்டியில் முதற்பரிசு பெற்ற நூல் அது. 'ரஹீக்' என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. பருமனான நூலாகையால் நான்கு மாதங்களை அதற்கென ஒதுக்குங்கள். பிக்ஹு நூல்களை மட்டும் தனியே வாசிக்கத் திட்டமிட வேண்டாம். அவை ஓர் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓத வேண்டியவை. தனியே வாசித்துவிட்டு மறுநாள் வாப்பாவின் தொழுகையில் பிழை பிடிக்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இதுவரை சொன்னவற்றைப் பெரும்பாலான ஆலிம்கள் சொல்வார்கள். இனிச் சொல்லப்போவதை நம் பயான்களில் குறைவாகவே கேட்டிருப்பீர்கள். நம் இளைஞனின் ஆண்டுத் திட்டத்தில் அவன் பிறந்த நாட்டைப் பற்றியும், அவன் சார்ந்த சமூகத்தைப் பற்றியும் நூல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். நாம் யார், எப்போது இங்கு வந்தோம் என்று பல்கலைக்கழகத்தில் சக மாணவன் கேட்கும்போது விடை தெரியாமல் நம் பிள்ளை விழிக்கக் கூடாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லவும் கூடாது.

கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் ஒரு வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையை அரும்பாடுபட்டு நடத்தத் தொடங்கினார். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1885இல் அவர் எழுதிய 'அஸன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. கதையின் களம் மிஸ்று தேசத்தையும் இந்தியாவையும் தழுவியது. நாவல் என்றாலே வழிகேடு என்று நினைக்கும் பெற்றோர் சிலர் நம்மிடையே உள்ளனர். இந்நாட்டில் முதன்முதலில் தமிழ் நாவல் எழுதியவர், தம் சமூகத்தின் மார்க்கக் கல்விக்கும் உலகக் கல்விக்கும் ஒருசேர உழைத்த ஒரு முஸ்லிம் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுகிறேன். கெட்ட கதையும் உண்டு, நல்ல கதையும் உண்டு. தெரிந்தெடுத்துக் கொடுப்பதே பெற்றோரின் கடமை, கதவையே அடைப்பதன்று.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் 1948 முதல் 1961 வரை பணியாற்றிய மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் 'இலங்கையில் இஸ்லாம்' 1963இல் வெளிவந்தது. நடை சற்றுக் கடினம் என்று இன்றைய மாணவர்கள் சொல்லக்கூடும். அந்தக் கடினத்தோடு பழகுவதும் பயிற்சிதான். ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்கள் கலாநிதி லோர்னா தேவராஜா அவர்கள் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதி 1994இல் வெளிவந்த வரலாற்று நூலை எடுக்கலாம். கி.பி. 900 முதல் 1915 வரையான ஆயிரமாண்டு இணக்க வாழ்வை, முஸ்லிம் அல்லாத ஒரு வரலாற்றாசிரியர் ஆராய்ந்து எழுதியது அது. நம்மைப் பற்றி நாமே சொல்வதைக் காட்டிலும், அயலவர் ஆதாரத்தோடு சொல்வதற்குத் தனியொரு வலிமை உண்டு.

அதே நியாயத்தினால், நாமும் அயலவரை அவர்கள் எழுத்தின் வழியே அறிய வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ'வை எடுக்கட்டும். தென்பகுதிக் கிராமத்துக் குறும்புக்காரப் பையன்கள் இருவர் ஒரு சிறு தீவில் குடியேறி வாழத் தலைப்படும் கதை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சிங்களம் எழுத்துக்கூட்டத் தடுமாறுபவர்களும் இதைக் கொண்டே தொடங்கலாம். கதை இழுத்துச் செல்லும். பேருந்தில் அருகே அமர்ந்திருக்கும் சிங்கள நண்பன் தன் சிறுவயதில் விரும்பி வாசித்த கதையை நாமும் வாசித்திருக்கிறோம் என்பது எத்தனை மேடைப் பேச்சுகளுக்கும் ஈடாகும்.

இவற்றோடு, பிள்ளை எந்தத் துறையில் நாட்டமுடையதோ அத்துறையில் பாடப்புத்தகம் அல்லாத நூல் ஒன்று இருக்கட்டும். அது விவசாயமாகலாம், கணக்கியலாகலாம், வானவியலாகலாம். எந்த நூல் என்பதை அத்துறை தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள், மௌலவியிடம் கேட்காதீர்கள்.

எதை விடுவது? ஐயுஹல் வலதின் மாணவர் கேட்ட கேள்வியின் கடினமான பாதி இதுதான். நம் ஊர்களில் தொழுகையில் விரல் அசைப்பது, கூட்டு துஆ போன்ற கருத்து வேறுபாடுகளைப் பற்றிய சிறு பிரசுரங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று அவை வந்துகொண்டேயிருக்கும். ஆய்வாளருக்கு அவற்றில் வேலை இருக்கலாம். பதினேழு வயது இளைஞனின் ஓராண்டை அவை தின்றுவிட அனுமதிக்காதீர்கள். ஸீறாவை ஒரு முறைகூட முழுமையாக வாசிக்காதவன் மறுப்பு நூல்களில் தேர்ச்சி பெற்றிருப்பதை நான் நல்ல அறிகுறியாகக் காணவில்லை. அடுத்ததாக, கண்ணாடி அலுமாரியை அலங்கரிப்பதற்காக வாங்கும் பல பாகத் தொகுதிகள். பொன் எழுத்துப் பொறித்த பத்துப் பாகங்களின் விலையில் வாசிக்கத்தக்க நூல்கள் பல வாங்கலாம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் அந்தச் சிறு நூலில் ஓர் உவமை சொல்கிறார்கள்: பாலைவனத்தில் பத்து வாள்களோடு நிற்கும் வீரன் ஒருவன்; சிங்கம் பாய்கிறது; வாளை உறையிலிருந்து எடுத்து வீசாதவரை அவை அவனைக் காக்குமா என்று கேட்கிறார்கள். அவர்கள் அதைக் கற்றும் செயல்படாத அறிவுக்குச் சொன்னார்கள். விரிக்கப்படாத நூலுக்கும் நாம் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

வாசிக்கும் முறையில் அரபுக் கல்லூரிகளின் பழைய வழக்கம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அங்கே நாளுக்கு ஒரு ஸபக். முன்னைய ஸபக் பாடமாகாமல் அடுத்ததுக்குச் செல்வதில்லை. கிதாப் முடியும் நாளில் மாணவர்கள் இனிப்பு வாங்கிப் பகிர்வார்கள். கடைசிப் பக்கத்தில் ஓதி முடித்த தேதியை எழுதி வைப்பார்கள். பாதியில் விட்ட கிதாபில் தேதி எழுத இயலாது. அந்த ஒரு வரி எழுதும் ஆசையே ஒருவனைக் கடைசி ஐம்பது பக்கங்களையும் கடக்க வைத்துவிடும்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஹிஜ்ரி 513இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னு அகீல் (ரஹ்) அவர்களை நினைவூட்டலாம். ரொட்டியை மென்று தின்பதற்கு ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தி வாசிப்பதற்காக, உலர்ந்த பணியாரத்தை நீரில் நனைத்து விழுங்குவதை அவர்கள் விரும்பினார்களாம். உங்கள் பிள்ளையை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. உம்மாமார் என்மீது கோபப்பட வேண்டாம். சாப்பிடும்போது கையிலிருக்கும் தொலைபேசியைக் கீழே வைக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளையின் திட்டத்திலுள்ள நூல்களில் ஒன்றையாவது நீங்களும் அதே மாதத்தில் வாசியுங்கள். ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள், தம் மகன் கல்வியில் தளர்வதைக் கண்டு அவனுக்கென்றே ஓர் அறிவுரை நூல் எழுதினார்கள். அதை எழுதியவர் இருபதாயிரம் தொகுதிகளுக்கு மேல் வாசித்தும் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகத் தம்மைப் பற்றிக் குறிப்பிட்டவர். மகன் தன் கண்ணால் கண்டிருந்த ஒன்றையே தந்தை அவனுக்கு எழுதினார். வாப்பா தொலைக்காட்சி முன்னும் பிள்ளை புத்தகத்தின் முன்னும் அமர்ந்திருக்கும் வீட்டில் இத்திட்டம் இரண்டு வாரம்கூட நிலைக்காது. வாசிக்க இயலாத மூத்தோர் வீட்டில் இருந்தால் பிள்ளை அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். நம் மூத்தம்மாமார் பலர் தமிழ் எழுத்தை அறியாதிருந்தும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட அரபுத் தமிழ் நூல்களை ஓதி மார்க்கம் கற்றவர்கள். அவர்களை வாசிக்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

செலவைப் பற்றிய கவலை நியாயமானதே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தாளின் விலை ஏறியது முதல், நடுத்தரக் குடும்பத்துக்குப் புத்தகம் வாங்குவது எளிதாக இல்லை. ஆகவே ஏழு நூல்களில் இரண்டை மட்டும் வாங்குங்கள்: குர்ஆன் மொழிபெயர்ப்பும் ஸீறாவும். அவை வீட்டில் நிலைத்திருக்க வேண்டியவை. மற்றவற்றைப் பிரதேச சபை அல்லது நகர சபை நூலகத்தில் கேளுங்கள். உறுப்புரிமைக்குப் பெரும் பணம் தேவையில்லை. இலங்கையின் பழைய தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் 'நூலகம்' இணையத்தளத்தில், கடைகளில் கிடைக்காத முஸ்லிம் அறிஞர்களின் நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். தொலைபேசிக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்ததாயிற்று. கொழும்பில் வழமையாகச் செப்டெம்பரில் நடைபெறும் சர்வதேச புத்தகக் கண்காட்சிக்குச் செல்வோர் வீட்டிலேயே பட்டியலை எழுதிக்கொண்டு செல்வது நல்லது. பட்டியலில் இல்லாத ஒன்றே ஒன்றைப் பிள்ளை தன் விருப்பப்படி எடுக்கட்டும். அது எதுவென்று கேட்டுத் துருவ வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் பொறுப்பிலுள்ள சகோதரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பள்ளியின் மேல்மாடியில் பூட்டிய அலுமாரி ஒன்று இருக்கக்கூடும். அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். உள்ளிருக்கும் நூல்களைத் தூசு தட்டி, பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் இரவல் கொடுக்கும் பொறுப்பை உயர் தர மாணவர் இருவரிடம் ஒப்படையுங்கள். மாணவியருக்கும் தாய்மாருக்கும் வாரத்தில் வேறொரு மாலை நேரத்தை ஒதுக்கி, அதை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள்.